அடுக்ககக் குடியிருப்புகளின் நீச்சல் குளமும் சட்டப் பொறுப்பும்

பல வீட்டாருக்குப் பொதுவான நீச்சல் குளத்தில் ஒருவர் காயமுற்றாலோ இறந்தாலோ அதற்கு யார் பொறுப்பு என்பது இழப்பீட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வேலப்பன்சாவடி போன்ற புறநகர்களில் அடுக்ககங்கள் பெருகியபின் இக்கேள்வி நம் வாசலுக்கே வந்துவிட்டது.

இங்கிலாந்தில் 1957-இல் இடத்தை வைத்திருப்போரின் பொறுப்பு பற்றித் தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் இல்லை. தீர்ப்புகள் வழியாகவே இங்கு விதிகள் உருவாயின.

டெல்லி வழக்கு

1972 ஆகஸ்ட் 13 அன்று டெல்லி ஓபராய் இன்டர்காண்டினென்டல் விடுதியில் தங்கியிருந்த ஜெர்மானியத் துணை விமானி ஒருவர், குளத்தில் பாய்ந்தபோது தலையில் அடிபட்டு உடல் செயலிழந்தார். பாய்வதற்குப் பலகை இருந்தது. அதற்கேற்ற ஆழம் இல்லை. 1985-இல் அவர் இறந்தார். தீர்ப்பு வந்ததோ 1997-இல்தான். உயர்ந்த கட்டணம் வாங்கும் விடுதி உயர்ந்த கவனமும் காட்ட வேண்டும் என்று கூறிய டெல்லி உயர் நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் வழங்கியது. ஆனால் மேல்முறையீட்டில், வழக்குத் தொடுத்தவர் இறந்ததோடு வழக்குரிமையும் முடிந்தது என்று அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. கால் நூற்றாண்டு காத்திருந்தும் குடும்பத்திற்குப் பயன் இல்லாமற் போனது வருந்தத்தக்கது.

அடுக்ககத்தில் யார் பொறுப்பு?

விடுதிக்கு உரிமையாளர் ஒருவர். அடுக்ககத்திலோ குளம் பொதுப் பகுதி. வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் அதில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டத்திற்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துள்ளது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, சங்கம் பராமரிப்பை ஏற்கும்வரை அத்தியாவசியச் சேவைகள் கட்டுமான நிறுவனத்தின் கடமை. கட்டமைப்புக் குறைகளுக்கு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் அந்நிறுவனமே பொறுப்பு. பராமரிப்பை ஏற்றபின் சங்கமும் அது அமர்த்தும் ஒப்பந்ததாரரும் பதில் சொல்ல வேண்டும்.

"சொந்தப் பொறுப்பில் குளிக்கவும்" என்ற பலகை மட்டும் இவர்களைக் காப்பாற்றாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைக்கு அது எச்சரிக்கையே அல்ல.

பெங்களூரு நிகழ்வு

2023 டிசம்பர் இறுதியில் பெங்களூரு வர்த்தூர்ப் பகுதி அடுக்ககம் ஒன்றின் குளத்தில் 9 வயதுச் சிறுமி இறந்தாள். மூழ்கியதாக முதலில் எண்ணப்பட்டது. மின்சாரம் தாக்கியதே காரணம் என்று உடற்கூராய்வு காட்டியது. 2024 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கத் தலைவர் உள்ளிட்ட 7 பேர் கைது செய்யப்பட்டனர். ஊதியமில்லாமல் சங்கப் பதவி ஏற்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்ச சிறை 2 ஆண்டுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது 5 ஆண்டுகள்.