கடவுச்சீட்டு முதல் இரத்தப் பரிசோதனை வரை: ஆங்கில ஆசிரியரிடம் கேட்கப்பட்ட காகிதங்களின் வரலாறு

தென்கொரியாவுக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் வெளிநாட்டவர் ஈ-2 என்ற விசா வாங்க வேண்டும். அதற்குக் கேட்கப்படும் காகிதங்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு. இளங்கலைப் பட்டச் சான்றிதழ், அதன்மேல் அப்போஸ்டில் முத்திரை. சொந்த நாட்டுக் காவல்துறை தரும் குற்றப்பின்னணிச் சான்று, அதற்கும் அப்போஸ்டில். உடல்நிலை பற்றிய உறுதிமொழி. வேலை தரும் பள்ளியோடு போட்ட ஒப்பந்தம். புகைப்படம். கொரியாவில் இறங்கிய பிறகு மருத்துவப் பரிசோதனை.

எந்த அரசு அலுவலகச் சுவரிலும் ஒட்டியிருக்கும் பட்டியல் மாதிரிதான் இதுவும் தெரிகிறது. ஆனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். எந்தக் காகிதமும் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருநாள், ஏதோ ஒரு காரணத்துக்காக அதைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பதில்தான் அதன் அரசியல் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரு காகிதத்தை ஒரு பெண் தர மறுத்தார். எட்டு ஆண்டுகளில் அந்தக் காகிதமே பட்டியலிலிருந்து நீங்கியது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன், அவருக்கு அங்கே இடம் கிடைத்தது எப்படி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த நாடே முதல் தகுதி

ஈ-2 விசாவில் ஆங்கிலம் கற்பிக்க அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக அனுமதி. ஆங்கிலம் இவர்களுக்குத் தாய்மொழி என்பது காரணம். பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் சரி. விலங்கியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

‘தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர்’ என்ற இந்த எண்ணத்துக்கு வயது அதிகமில்லை. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது எப்படி என்பதே பொருள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து நாடுகள் ஒவ்வொன்றாக விடுபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கொடி இறங்கினாலும் மொழி இறங்கக்கூடாது என்ற அக்கறை பிரிட்டனுக்கு இருந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், சிறுவயதிலேயே தொடங்க வேண்டும், தாய்மொழிக்காரர்தான் சிறந்த ஆசிரியர் என்பன போன்ற கருத்துகள் அங்கிருந்து வலுப்பெற்றுப் பரவின. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல், மொழி ஏகாதிபத்தியம் பற்றிய தன் நூலில் ராபர்ட் பிலிப்சன் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இவை கல்வி ஆய்வில் நிரூபிக்கப்பட்ட உண்மைகள் அல்ல, மூடநம்பிக்கைகள் என்று வாதிட்டார்.

அவர் வாதம் எளிமையானது. ஒரு மொழியைத் தானே முட்டிமோதிக் கற்றவருக்கு, மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரியும். பிறந்ததிலிருந்து பேசுபவருக்கு அது தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமக்கு ஆங்கிலம் புரியவைத்த ஆசிரியர் யார் என்று யோசித்தால் போதும்.

ஆனால் உலகச் சந்தை பிலிப்சனைக் கேட்கவில்லை. ஜப்பான் 1987-இல் ஜெட் திட்டத்தைத் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை அழைத்தது. கொரியா 1995-இல் எபிக் என்ற அரசுத் திட்டத்தைத் தொடங்கியது. 1997-இல் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடமானது. பெற்றோர் தனியார் பயிற்சி நிலையங்களில் பணத்தைக் கொட்டினார்கள். அந்த நிலையங்களுக்கு விளம்பரத்தில் போட ஒரு முகம் தேவைப்பட்டது. விண்ணப்பத்தோடு கேட்கப்படும் புகைப்படத்துக்கு அங்கேதான் வேலை. அமெரிக்கக் கடவுச்சீட்டும் பட்டமும் கையில் இருந்தும், தோல் கறுப்பு என்பதால் தள்ளப்பட்ட ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். ஆக, தாய்மொழி என்ற சொல்லுக்குள் நாடு ஒளிந்திருந்தது. நாட்டுக்குள் நிறம் ஒளிந்திருந்தது.

ஏழு நாடுகளுக்குள்ளும் வரிசை உண்டு. தென்னாப்பிரிக்கர் கடவுச்சீட்டை மட்டும் காட்டினால் எபிக் ஏற்காது. ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில்தான் படித்தேன் என்று பள்ளியிடம் கடிதம் வாங்கித் தர வேண்டும். ஆங்கிலேயரிடம் அந்தக் கடிதத்தை யாரும் கேட்பதில்லை.

இந்தியா இந்த ஏழில் இல்லை. 2009 ஆகஸ்டில் இந்தியாவும் கொரியாவும் ஒரு பொருளாதார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன; 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கார் உதிரிப்பாகங்களுக்கும் சுங்கவரிக்கும் நடுவே அதில் ஒரு சின்னக் கதவு திறந்தது: இந்தியர்களும் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியர்களாக வரலாம். நிபந்தனை என்ன தெரியுமா? பட்டம் மட்டும் போதாது. ஆங்கில ஆசிரியருக்கான கல்வித் தகுதியும் வேண்டும். விலங்கியல் படித்த பிரிட்டிஷ்காரருக்குப் பிறப்பே தகுதி. இந்தியர் மட்டும் ஆசிரியப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். படித்து வாங்கியதைவிடப் பிறப்பால் வந்தது கனமானது என்ற இந்தத் தராசை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம்.

முத்திரை எதைச் சொல்கிறது

மக்கரேரே மாநாடு நடந்த அதே 1961-இல், அக்டோபர் 5 அன்று, நெதர்லாந்தின் ஹேக் நகரில் இன்னொரு உடன்படிக்கை உருவானது. அதுதான் அப்போஸ்டில். அதற்கு முன்னால் ஒரு நாட்டின் சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்ல வேண்டுமானால், அலுவலகம் அலுவலகமாகச் சான்றொப்பம் வாங்கி, கடைசியில் அந்த நாட்டுத் தூதரகத்தின் வாசலில் நிற்க வேண்டும். உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் ஒரே முத்திரை போதும் என்று ஆனது. இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதலும், கொரியாவில் சரியாக இரண்டு ஆண்டு கழித்து 2007 ஜூலை 14 முதலும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் கல்விச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. அப்போஸ்டில் முத்திரை, சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பட்டம் எந்த வேலைக்கும் தகுதி என்று அது சொல்வதில்லை. ‘அப்போஸ்டில் வாங்கித் தந்தால் வேலை உறுதி’ என்று பணம் கேட்கும் தரகரை நம்ப வேண்டாம். இரண்டாவது, பெயர். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு இருக்கும் நம் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்து நிற்கும். இரண்டும் ஒரே ஆள் என்று வெளிநாட்டு அதிகாரிக்கு நாம்தான் நிரூபிக்க வேண்டும். இந்தக் காகிதங்களைச் செய்தவர்கள், குடும்பப்பெயர் இல்லாத மக்களை மனதில் வைத்துச் செய்யவில்லை. பெயரைக் கல்லூரியில் சேரும்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

2007: ஒருவர் செய்த குற்றம், எல்லோருக்கும் பரிசோதனை

2007 அக்டோபரில், சிறுவர்கள்மீது பாலியல் வன்முறை செய்ததாக இன்டர்போல் தேடிவந்த கனடாக்காரர் ஒருவர் தாய்லாந்தில் கைதானார். அவர் அதற்கு முன் கொரியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் என்று தெரிந்ததும் அங்கே பெரும் கொந்தளிப்பு. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு விதிகளை இறுக்கியது. குற்றப்பின்னணிச் சான்று பட்டியலில் ஏறியது. குழந்தைகளோடு பழகும் வேலைக்கு அதைக் கேட்பது நியாயமே.

ஆனால் கூடவே இன்னொன்றும் ஏறியது. ஈ-2 விசாவில் வருபவர்கள் போதைப்பொருள் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளைக் காப்பதற்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன தொடர்பு? வகுப்பறையில் பாடம் நடத்துவதால் அது பரவாது. கொரிய ஆசிரியர்களிடம் இந்தப் பரிசோதனை கேட்கப்படவில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற கொரிய வம்சாவளி ஆசிரியர்களிடமும் கேட்கப்படவில்லை. ஒரே பள்ளி, ஒரே வேலை. இரத்தம் மட்டும் வேறு.

மறுத்த ஒருவர்

நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண் 2008-இல் கொரியா வந்து, உல்சான் நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில் கற்பித்தார். ஐ.நா. ஆவணங்களில் அவர் பெயர் எல்.ஜி. 2009-இல், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் எச்.ஐ.வி., போதைப்பொருள் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கல்வி அலுவலகம் சொன்னது. கொரியரிடம் கேட்காததை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

நடுவர் மன்றத்துக்குப் போனார், தோற்றார். மனித உரிமை ஆணையத்தின் கதவும் அப்போது திறக்கவில்லை. 2012-இல் வழக்கு ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவுக்குப் போனது. 2015 மே மாதம் குழு தன் முடிவைச் சொன்னது: பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரக் காரணம் எதுவும் இல்லை, இது பாகுபாடு, இழந்த ஓராண்டுச் சம்பளத்துக்கு ஈடு தர வேண்டும். குழு ஒரு விஷயத்தைக் குறிப்பாகப் பதிவு செய்தது. நடுவர் விசாரணையில் அதிகாரிகளே, வெளிநாட்டு ஆசிரியர்களின் ஒழுக்கத்தை அறியும் வழியாகத்தான் இந்தப் பரிசோதனையைப் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

‘சுகாதாரம்’ என்று சொல்லப்பட்டதன் உள்ளே இருந்தது தீட்டு. இதைப் புரிந்துகொள்ள நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

2016-இல், முன்பு கதவைத் திறக்காத அதே மனித உரிமை ஆணையம் அரசுக்குப் பரிந்துரை அனுப்பியது. 2017 ஜூலையில் ஈ-2 விசாவுக்கான எச்.ஐ.வி. பரிசோதனை நீக்கப்பட்டது. 2019-இல் சோல் நீதிமன்றம் அவருக்கு 3 கோடி வொன் இழப்பீடு தர உத்தரவிட்டது. மறுத்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள்.

எல்.ஜி. யார் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டியலின் முதல் வரி அவருக்குச் சாதகமானது. நியூசிலாந்துக் கடவுச்சீட்டு அவரை உள்ளே விட்டது. கடைசி வரி அவரைச் சந்தேகித்தது. பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் பட்டியல் ஒருவரை உயர்த்தவும் செய்யும், அதே கையால் அவமதிக்கவும் செய்யும். முதல் வரியால் வெளியே நிற்பவர்களுக்கு வழக்குப் போடும் வாய்ப்புக்கூட வரவில்லை. அவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது.

நமக்கு அடைத்திருக்கும் கதவு

எல்.ஜி.க்குத் தீர்ப்புச் சொன்ன அந்தக் குழு நமக்கு அந்நியமானதல்ல. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை 1965-இல் உருவானபோது, அதன் முதல் பிரிவில் ‘வம்சாவளி’ என்ற சொல்லைச் சேர்க்க முன்மொழிந்த நாடு இந்தியா. 1968-இல் இந்தியா உடன்படிக்கையை ஏற்றது. வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று 2002-இல் அந்தக் குழு தெளிவாகவே அறிவித்தது. 2007-இல் குழுவின் முன் நின்ற இந்திய அரசு, சாதி இனம் அல்ல, அது இந்த உடன்படிக்கைக்குள் வராது என்றது.

இன்னொன்றும் இருக்கிறது. உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவை ஏற்பதாக ஒரு நாடு தனியாக அறிவித்தால்தான், அந்த நாட்டின் அதிகார வரம்பில் உள்ள தனி மனிதர் குழுவிடம் முறையிட முடியும். கொரியா 1997-இல் அறிவித்தது. அதனால்தான் எல்.ஜி.யால் போக முடிந்தது. இந்தியா அந்த அறிவிப்பைச் செய்யவில்லை. கொரியாவில் பாகுபாட்டுக்கு ஆளாகும் நியூசிலாந்துக்காரர் ஜெனீவாவின் கதவைத் தட்டலாம். இந்தியாவில் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளாகும் ஒருவர், உள்நாட்டில் எல்லாப் படிகளும் ஏறி இறங்கிய பிறகும், அந்தக் கதவைத் தட்ட முடியாது.

14-ஆம் பிரிவை ஏற்கச் சொல்லிக் கேட்பது நம் கோரிக்கைகளில் இடம்பெற வேண்டும். சட்டம் படிக்கும் தோழர்கள் எல்.ஜி. எதிர் கொரியா முடிவைத் தேடிப் படியுங்கள், சில பக்கங்கள்தான். வெளிநாடு போக நினைக்கும் தோழர்கள் காகிதங்களைச் சேருங்கள், முத்திரை வாங்குங்கள், போய்க் கற்பியுங்கள். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தப் பட்டியலை நீட்டினாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: என் பக்கத்தில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்யப்போகிறவரிடம் இதைக் கேட்டீர்களா? உல்சானில் ஒருவர் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.