பொய்யோவியன் உரைத்த மெய்

பொய் சொல்லி உயிர் தப்பியவரைக் கதைகளிற் பரக்கக் காணலாம். தான் பொய்யன் என்னும் மெய்யை நிலைநாட்டி உயிர் தப்பவேண்டிய நிலைமை ஒருவனுக்கு நேர்ந்தது. அவன் ஒல்லாந்து தேசத்து ஓவியன் ஹான் வான் மேகரன்.

1945 மே 29 ஆந் திகதி அவன் சிறைப்பட்டான். யுத்தம் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. ஹிட்லரின் தளபதி கோரிங் குவித்துவைத்த கலைச்செல்வங்களுள், வேர்மீரின் ஓவியம் எனப்பட்ட ஒன்றும் அகப்பட்டது. வேர்மீர் 1632 முதல் 1675 வரை வாழ்ந்த ஒல்லாந்து ஓவியர். அவர் தீட்டியனவாக எஞ்சியவை 35 அளவே. அத்தகைய செல்வத்தைப் பகைவனுக்கு விற்றவன் தேசத்துரோகி அல்லனோ? அக்குற்றத்துக்கு மரணதண்டனையும் கிடைக்கக்கூடும். சிலகாலம் மௌனம் சாதித்தவன் ஈற்றில் வாய்திறந்தான். அப்படம் வேர்மீருடையது அன்று, தன் கையாலே தீட்டியது என்றான். உயிர்த்தெழுந்த யேசு சீடரோடு பந்தியமர்ந்த காட்சியாக, றொட்டர்டாம் நூதனசாலையில் நாடே போற்றிய எம்மாவு ஓவியமும் தன்னுடையதே என்றான். அதிகாரிகள் நம்பினாரில்லை.

எங்ஙனம் நம்புவர்? 1937 இல் அந்த எம்மாவு ஓவியத்தை வேர்மீரின் தலைசிறந்த படைப்பென எழுதியவர் ஏபிரகாம் பிறேடியஸ். 82 வயதுடைய அம்முதுபேரறிஞரின் சொல்லுக்கு மறுசொல் அரிது. நியூயோர்க் கலைவணிகர் ஒருவரின் முகவர்கள் படத்தைப் பார்த்து, போலியெனத் தந்தியடித்தனர். அது பொதுமக்கள் காதுக்கு எட்டவில்லை. வேர்மீரின் சமய ஓவியங்கள் இன்னும் எங்கோ மறைந்து கிடக்கின்றன என்பது அறிஞர் சிலரின் நெடுநாளைய ஊகம். அந்த ஊகத்தையே வான் மேகரன் படமாக்கிக் கொடுத்தான். தாம் காண விரும்பியதையே அவர்கள் கண்டனர்.

அவன் பட்ட பாடும் சிறிதன்று. பதினேழாம் நூற்றாண்டுப் படமொன்றை வாங்கி, வர்ணத்தைச் சுரண்டியெடுத்து, அப்பழஞ்சீலையின் மேலே வரைந்தான். நீலத்துக்கு வேர்மீர் காலத்தாரைப் போல நீலக்கல்லையே அரைத்தான். எண்ணெய்வர்ணம் உள்ளூர இறுகப் பல்லாண்டு செல்லும். புதிய வர்ணத்தை மதுசாரத்தால் துடைத்தால் கரைந்து வந்துவிடும். ஆகவே பேக்லைட் செய்தற்குரிய இரசாயனத்தை வர்ணத்தோடு சேர்த்து, படத்தை அடுப்பிலிட்டுச் சூடாக்கினான். வர்ணம் கல்லாய் இறுகியது. பின்பு உருளையிற் சுற்றி வெடிப்புகளை உண்டாக்கி, அவற்றினுள்ளே கறுப்பு மையைப் புகுத்தினான். முந்நூறு வருடத்துத் தூசியும் தயார்! இத்துணைப் பொறுமையைத் தன் சொந்தப் படங்களுக்குச் செலவிட்டிருந்தால் அவன் என்னவாகியிருப்பானோ! விமர்சகர் அவற்றை மதியாமையே தன்னை இவ்வழியிற் செலுத்தியது என்பது அவன் கூற்று. ஆயினும் பணத்தை அவன் வெறுத்தான் எனல் இயலாது. கோரிங்கிடம் சென்ற படத்தின் விலை மாத்திரம் 16,50,000 கில்டர்.

சொல்லை நம்பாதவர்க்குக் கையாற் காட்டவேண்டியதாயிற்று. 1945 யூலை தொடக்கம் டிசெம்பர் வரை, காவலர் பார்த்திருக்க, ஆலயத்தில் வேதபாரகர் நடுவே இளம் யேசு வீற்றிருக்கும் காட்சியை வேர்மீரின் பாணியிலே தீட்டினான். பெல்ஜிய விஞ்ஞானி போல் கொறமன்ஸ் தலைமையில் ஆராய்ந்த குழுவினரும் பழைய படங்களின் வர்ணத்திலே பேக்லைட் வகைப் பொருளைக் கண்டனர். துரோகி எனத் தூற்றிய மக்கள், கோரிங்கையே ஏய்த்த வீரன் எனக் கொண்டாடத் தொடங்கினர். ஹிட்லருக்கு அர்ப்பணம் எழுதி அவன் கையொப்பமும் பொறித்த சித்திரநூலொன்று ஜேர்மனியில் அகப்பட்டிருந்ததை அப்போது எவரும் பெரிதுபடுத்தவில்லை. 1947 நவம்பர் 12 இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதனை அனுபவிக்கு முன்பே, டிசெம்பர் 30 இல், மாரடைப்பால் இறந்தான்.

அவன் இறந்தபின்னும் அவன் சொன்ன மெய்யை ஏலாதவர் இருந்தனர். போலிகளுள் ஒன்றான 'இராப்போசனம்' என்னும் படத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய செல்வர் வான் பியூனிங்கன், அது வேர்மீருடையதே எனச் சாதித்தார். வரைந்தவனின் வாக்குமூலமும் விஞ்ஞானியின் சான்றும் அவரை அசைக்கவில்லை. கொறமன்ஸ் மீதே வழக்குத் தொடுத்தார். 1955 இல் அவர் காலமானார், வழக்கும் தோற்றது. 1968 இல், வர்ணத்திலுள்ள ஈயத்தின் கதிரியக்கத்தை அளந்த அமெரிக்க ஆய்வாளர், எம்மாவு ஓவியம் இருபதாம் நூற்றாண்டினதே என நிறுவினர். அப்படம் இன்றும் றொட்டர்டாம் நூதனசாலையின் உடைமையாகவே இருக்கிறது. வரைந்தவன் வான் மேகரன் என ஏடு கூறுகின்றது. படத்தின் மேலோ, அவன் எழுதிவைத்த வேர்மீரின் கையொப்பம் அழிக்கப்படாமல் இருக்கிறது.