ஏடன் வளைகுடாக் கப்பல் காவல்

சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்க, ஏடன் வளைகுடாவிலும் மேற்கு அரபிக்கடலிலும் பல நாட்டுக் கடற்படைகள் மேற்கொண்டுவரும் துணைக்காவல் பணி. அரபிக்கடலிலிருந்து சூயஸ் கால்வாய்க்குச் செல்லும் கப்பல்கள் ஏடன் வளைகுடாவையும் பாப்-எல்-மந்தெப் நீரிணையையும் கடந்தே ஆக வேண்டும். வழி குறுகலாக இருப்பதால், கொள்ளையர் கப்பல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, காத்திருந்தாலே போதும்.

இக்கடலில் காவல் கேட்கப்பட்டது இது முதல்முறையன்று. 1695இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கொள்ளையன் இதே நீரிணையருகே காத்திருந்தான். மெக்கா யாத்திரை முடித்துச் சூரத் திரும்பிய முகலாயக் கப்பலான கஞ்ச்-இ-சவாயைப் பின்தொடர்ந்து சூறையாடினான். சினந்த ஔரங்கசீப் சூரத்திலிருந்த ஆங்கிலக் கம்பெனியாரைச் சிறைவைத்தார். வணிகம் தொடர வேண்டுமானால் யாத்திரைக் கப்பல்களுக்குக் காவல் தர வேண்டும் என்ற நிலை ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ஏற்பட்டது.

சோமாலியாவில் 1991இல் அரசு சிதைந்தபின் அந்நாட்டுக் கடற்கரைக்குக் காவலில்லாமல் போயிற்று. வெளிநாட்டு இழுவைப் படகுகள் அங்கு மீனை வாரிச் சென்றன. அதை எதிர்க்கவே ஆயுதம் எடுத்ததாகக் கொள்ளையர் கூறினர். அந்தக் குறை பொய்யன்று. ஆனால் அவர்கள் செய்தது விரைவிலேயே பணயத்தொகைத் தொழிலாக மாறிவிட்டது. பசித்தவர்களுக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களும் தப்பவில்லை. எனவே இன்றைய காவல் பணி தொடங்கியது எண்ணெய்க்காக அன்று, உணவுக்காக: 2007 இறுதியில் உலக உணவுத் திட்டத்தின் கப்பல்களுக்குப் பிரெஞ்சுக் கடற்படை துணைசென்றது.

2008இல் நிலைமை முற்றியது. சோமாலியக் கடல் எல்லைக்குள் நுழைந்து கொள்ளையரை விரட்ட, அந்நாட்டு இடைக்கால அரசின் இசைவோடு, ஐ.நா. பாதுகாப்பு அவை ஜூனில் அனுமதி தந்தது. செப்டம்பரில் 33 டாங்கிகளை ஏற்றிவந்த ஃபைனா கப்பலும், நவம்பரில் 20 லட்சம் பீப்பாய் எண்ணெயோடு சென்ற சவுதியின் சிரியஸ் ஸ்டாரும் பிடிபட்டன. டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அட்டலாண்டா நடவடிக்கையைத் தொடங்கியது. அதே மாதம் சீனாவின் போர்க்கப்பல்கள் சான்யா துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. 2009இல் ஜப்பானும் தென்கொரியாவும் வந்தன. எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலையும் காக்க ஏதுவாக ஜப்பான் அவ்வாண்டு தனிச்சட்டமே இயற்றியது.

இந்தியாவைக் களமிறக்கியது மாலுமிக் குடும்பங்களின் கண்ணீர். 2008 செப்டம்பரில் ஸ்டோல்ட் வேலர் கப்பலோடு 18 இந்தியர் சிறைபிடிக்கப்பட்டனர்; அக்டோபரில் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். தபார் ஏடன் வளைகுடாவுக்குச் சென்றது. நவம்பர் 18 அன்று, தன்னை நோக்கிச் சுட்ட கொள்ளையரின் தாய்க்கப்பலைத் தபார் மூழ்கடித்தது. அது கொள்ளையர் கைப்பற்றிய தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்பதும், அதன் தொழிலாளர்கள் உள்ளே இருந்ததும் பின்னரே தெரியவந்தன. கடலில் பல நாள் மிதந்து ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். காவல் பணியின் வரலாற்றை எழுதுவோர் வெற்றிகளோடு இதையும் எழுத வேண்டும்.

ஏடன் வளைகுடாவில் கப்பல்களுக்கென வகுக்கப்பட்ட காவல் வழி ஏறத்தாழ 490 கடல் மைல் நீளம். வேகம் குறைந்த, நீர்மட்டத்துக்கு மேல் பக்கச்சுவர் தாழ்ந்திருக்கும் கப்பல்களே எளிய இரை. விசைப்படகில் வந்து ஏணி சாத்தி ஏறச் சில நிமிடங்கள் போதும். ஆகவே இந்தியா, சீனா, ஜப்பான் கடற்படைகள் கப்பல்களை ஓரிடத்தில் கூட்டி, ஹெலிகாப்டருடன் உடன்சென்றன. மூன்றும் 2012 முதல் தங்கள் புறப்பாட்டு நாட்களையும் ஒத்திசைத்துக்கொண்டன. மேற்கு நாடுகள் வழிநெடுகப் போர்க்கப்பல்களை நிறுத்தின. 10, 12, 14 நாட் (மணிக்குக் கடல் மைல்) என வேகவாரியாகக் கப்பல்களைப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் அனுப்பின. தாக்குதல் மிகுந்த விடியற்பொழுதில் அவை ஒருங்கே இருக்கும்படி கணக்கிட்டன.

வளைகுடா காக்கப்பட்டதும் கொள்ளையர் கிழக்கே நகர்ந்து லட்சத்தீவுக் கடல்வரை வந்தனர். 2010இல் கப்பல் துறையினர், கொள்ளை அபாயப் பகுதி எனத் தாங்கள் அறிவித்திருந்த பகுதியின் எல்லையை 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகைவரை, அதாவது கன்னியாகுமரியையும் தாண்டி, நீட்டினர். கப்பல்கள் நம் கரையோரமாக, ஆயுதக் காவலருடன் செல்லத் தொடங்கின. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படைக் காவலர்கள், கொள்ளையர் என்று எண்ணி மீன்பிடிப் படகொன்றைச் சுட்டனர். இறந்த மீனவர் இருவருள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். காவலின் விலையைச் செலுத்தியவர்கள் அந்தக் கடலில் அன்றாடம் பிழைத்தவர்கள். இந்தியாவின் வற்புறுத்தலால் 2015இல் எல்லை 65 பாகைக்குப் பின்வாங்கியது.

பன்னாட்டுக் கடல்சார் பணியகக் கணக்கின்படி, சோமாலியக் கொள்ளையரின் தாக்குதல்கள் 2011இல் 237, 2012இல் 75, 2013இல் 15. போர்க்கப்பல்கள், கப்பலிலேயே சென்ற ஆயுதக் காவலர், முள்கம்பி வேலி, கரையில் நடந்த வழக்குகள் என யாவும் சேர்ந்து பெற்ற பலன் இது. இக்காவலில் ஈடுபட்டிருந்த நேட்டோ 2016 டிசம்பரில் விலகியது. 2023 ஜனவரியில் அபாயப் பகுதி என்ற அறிவிப்பே நீக்கப்பட்டது.

அந்த ஆண்டு முடிவதற்குள் ருயென் என்ற சரக்குக் கப்பல் கடத்தப்பட்டது. 2024 மார்ச் 16 அன்று, சுமார் 40 மணி நேர முற்றுகைக்குப் பின் இந்தியக் கடற்படை 17 மாலுமிகளை மீட்டு, 35 கொள்ளையரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தது.