கோட்டைக் கணக்கு

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நான் போனது ஒரு நெல் வியாபாரியைத் தேடி. பெயர் தெரிந்த ஆள் அல்ல. 1942-க்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் நெல் வாங்கிய யாராவது ஒருவர் அகப்பட்டால் போதும்.

அந்த மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போய், பர்மா அரிசி நின்றது. காரும் பிசானமுமாக இரண்டு பூ விளைகிற சீமைக்கு இதனால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். வரைபடத்தை விரித்ததும் விளங்கியது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர், பர்மா அரிசியை நம்பியிருந்த சமஸ்தானம். செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904-லிருந்தே ரயில் ஓடுகிறது. பக்கத்து ஊர் பசித்திருக்க, இங்கே நெல் களத்தில் கிடக்குமா?

அரசு குறுக்கே வந்தது. நெல்லைத் தானே கொள்முதல் செய்தது. 1943-இன் கிரிகரி குழு அறிக்கை, 1945-இன் உட்ஹெட் பஞ்சக் கமிஷன் அறிக்கை என்று புரட்டியபோது என் ஆள் தட்டுப்பட்டார், நான் நினைத்த கட்சியில் அல்ல. சென்னை மாகாண அரசு தன் கொள்முதலுக்கு வியாபாரிகளையே முகவர்களாக வைத்திருந்தது! ‘அரசு’, ‘தனியார்’ என்று குறிப்பேட்டில் நடுவே கோடு போட்டிருந்தேன். அதை அடித்தேன்.

அளவு வேறு படுத்தியது. அறிக்கையில் டன், ஊரில் கோட்டை, அதாவது 21 மரக்கால். ஒரு மத்தியானம் முழுக்கப் பெருக்கி வகுத்ததில் போயிற்று.

1952 ஜூனில் ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். டெல்லியில் உணவு அமைச்சர் கித்வாய் துணை நின்றார். வியாபாரிக்கு நிம்மதி, எனக்குத்தான் இழப்பு. பர்மிட் போனதும் அவரும் காகிதத்திலிருந்து இறங்கிப் போய்விட்டார். 1954-இல் டெல்லி பர்மாவிடம் வாங்கிய 9 லட்சம் டன் அரிசிக்கு ஒப்பந்தம் இருக்கிறது. தாமிரபரணிக் கரைக் கல்லிடைக்குறிச்சிக் களத்தில் கைமாறிய நெல்லுக்கு, யார் வீட்டுப் பரணிலாவது பேரேடு இருந்தால் உண்டு.

பிசான அறுவடையில் அங்கே போனேன். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், எடை கிலோவில், பணம் வங்கிக் கணக்கில். காயப்போட்டுக் காத்திருந்தவரிடம் ஒரு வியாபாரி வந்தார்.

“அண்ணாச்சி, எத்தன கோட்ட கண்டிருக்கு?”

விலை படிந்தது. மடியிலிருந்து ரூபாயை எடுத்து எண்ணிக் கொடுத்தார். சிட்டை எதுவும் எழுதவில்லை.