மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்
காரைக்குடியில் உள்ள தேசிய ஆய்வகம். அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் இப்படியோர் ஆய்வகம் பெருநகரங்களை விட்டுச் செட்டிநாட்டுக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலம், மின்முலாம், மின்பகுப்பு என ஆய்வுகள் பல நடந்தாலும், உலோக அரிமானத் தடுப்பே இதன் தனி முத்திரை எனலாம். மண்டபத்திலுள்ள இதன் கடலோர நிலையம் அதற்கு வாகான இடம். எடைபோட்ட உலோகத் தகடுகளை உப்புக் காற்றிலும் கடல்நீரிலும் மாதக்கணக்கில் விட்டுவைத்து, பிறகு துருவை நீக்கி மறுபடியும் நிறுக்கிறார்கள். குறைந்திருக்கும் எடையிலிருந்து அரிமானத்தின் வேகம் கணக்கிடப்படுகிறது. அண்மைக் காலத்தில் லித்தியம் அயனி மின்கல ஆய்வும் வளர்ந்துள்ளது. வளாகத்திலேயே பி.டெக். வகுப்பும் உண்டு.