சூழல் நீதிக் கோட்பாடுகள்

சூழல் நீதிக் கோட்பாடுகள் என்பவை, வெள்ளையரல்லாத மக்களின் முதலாவது தேசியச் சுற்றுச்சூழல் தலைமை மாநாடு 1991 அக்டோபர் 27 அன்று வாஷிங்டன் நகரில் ஏற்றுக்கொண்ட 17 கூற்றுகள். சிறு முகவுரை ஒன்றும் இவற்றுக்கு உண்டு. நச்சுக்கழிவுக் கிடங்குகளை எதிர்த்த கறுப்பின ஊர்கள், பூச்சிமருந்தால் நோயுற்ற பண்ணைத் தொழிலாளர்கள், யுரேனியச் சுரங்கங்களால் நிலம் கெட்ட தொல்குடிகள் என அமெரிக்காவில் தனித்தனியே போராடிவந்தவர்களை ஒரே அடிப்படையில் இணைத்த ஆவணமாக இது மதிக்கப்படுகிறது. அந்நாட்டின் பழைய, பெரிய சூழல் அமைப்புகளையும் இது இணைத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

முன்னோடிகள்

சூழல் இயக்கத்துக்குப் பொதுக் கோட்பாடுகள் வகுக்கும் முயற்சிகள் இதற்கு முன்பே நடந்தன. 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாடு 26 கோட்பாடுகள் கொண்ட பிரகடனத்தை வெளியிட்டது. அது அரசுகளின் ஆவணம். 1984-இல் நார்வே மெய்யியலாளர் ஆர்னே நெஸ்ஸும் அமெரிக்கரான ஜார்ஜ் செஷன்ஸும் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் கூடாரமடித்துத் தங்கியிருந்தபோது ‘ஆழ் சூழலியல்’ இயக்கத்துக்கு எட்டு அம்சத் திட்டம் எழுதினர். காட்டைக் காக்கும் இச்சிந்தனை ஏழை நாடுகளின் மக்களை மறந்துவிடுகிறது என்று 1989-இல் இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதிய மறுப்புக் கட்டுரை அதிகம் பேசப்பட்டது. ஏறக்குறைய அதே குறையை அமெரிக்காவுக்குள்ளேயே வேறு சிலர் சுட்டிக்கொண்டிருந்தனர்.

தோற்றம்

சூழல் நீதி இயக்கம் எங்கே தொடங்கியது என்பதற்கு ஒரே விடை இல்லை. 1968-இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தைச் சிலர் தொடக்கமாகக் கொள்வர். 1960-களில் பூச்சிமருந்துக்கு எதிராகப் பண்ணைத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தைச் சொல்வோரும் உண்டு. ஹூஸ்டன் நகரில் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றின் அருகே குப்பைக் கிடங்கு அமைவதை எதிர்த்து 1979-இல் தொடரப்பட்ட வழக்கை வேறு சிலர் குறிப்பிடுவர். அவ்வழக்குக்காகச் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் திரட்டிய விவரங்களின்படி, நகராட்சியின் ஐந்து குப்பைக் கிடங்குகளும் கறுப்பினக் குடியிருப்புகளிலேயே இருந்தன. நகர மக்களிலோ கறுப்பினத்தவர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. வழக்கு தோற்றது. அந்த விவரங்கள் பின்னர் புல்லார்டின் ஆய்வுகளுக்கு அடித்தளமாயின.

நூல்கள் பெரும்பாலும் முதலிடம் தருவது வட கரோலினாவின் வாரன் கவுண்டிக்கே. அதைப் பற்றிய பதிவுகளும் ஏராளம்.

1978 கோடையில், டிரான்ஸ்ஃபார்மர்களில் பயன்பட்ட, பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெயைச் சிலர் இரவு நேரங்களில் லாரியில் கொண்டுபோய், வட கரோலினாவின் 200 மைலுக்கும் நீண்ட சாலையோரங்களில் திறந்துவிட்டனர். அதன் அளவு சுமார் 31,000 காலன். முறையாக அழிக்க ஆகும் செலவை மிச்சப்படுத்துவதே நோக்கம். குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். ஆனால் சாலையோரத்து நச்சு மண்ணை எங்கேயாவது புதைத்தாக வேண்டும். மாநில அரசு வாரன் கவுண்டியில் ஆஃப்டன் என்னும் சிற்றூருக்கு அருகே இடம் பார்த்தது. அங்கு மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். மாநிலத்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் அது ஒன்று. நிலத்தடி நீர்மட்டம் தரையிலிருந்து சில அடி ஆழத்திலேயே இருந்தது. குடிநீருக்குக் கிணறுகளை நம்பிய ஊர் அது. அறிவியல் காரணத்தால் அல்ல, எதிர்க்க ஆளில்லை என்ற கணக்கிலேயே இடம் தேர்வானது என்று ஊரார் கூறினர். அரசு இதை மறுத்தது.

நீதிமன்றத்தில் தடை கிடைக்காத நிலையில் 1982 செப்டம்பர் 15 அன்று லாரிகள் வரத் தொடங்கின. கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி, அங்கிருந்து நடந்தே போய், சாலையின் குறுக்கே படுத்து மறியல் செய்தார்கள் ஊரார். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் அதில் இருந்தனர். வெள்ளை இனத்தவர் சிலரும் கறுப்பினத்தவரோடு சேர்ந்து படுத்தனர். அந்த வட்டாரத்தில் அது சாதாரண நிகழ்ச்சி அல்ல. ஆறு வாரங்களில் 500-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவர்களுள் வாஷிங்டனின் நாடாளுமன்றப் பிரதிநிதி வால்டர் ஃபான்ட்ராயும் ஒருவர்.

ஒன்றுபட்ட கிறிஸ்து திருச்சபையின் இன நீதி ஆணையத்தைச் சேர்ந்த பெஞ்சமின் சேவிஸும் கைதானார். காரை மிக மெதுவாக ஓட்டினார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு என்றும், ‘சூழல் இனவெறி’ என்னும் தொடரை அந்தச் சிறையறையில்தான் முதலில் சொன்னதாகவும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். 1987-இல்தான் அத்தொடர் புழக்கத்துக்கு வந்தது என்பாரும் உளர்.

மறியல் வெல்லவில்லை, மண் புதைக்கப்பட்டது. கிடங்கை நச்சுநீக்கம் செய்து முடித்தது 2003 வாக்கில். செலவு சுமார் 1.8 கோடி டாலர்.

ஆய்வுகளும் கடிதங்களும்

ஃபான்ட்ராயின் கோரிக்கையால் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. தென்கிழக்கின் எட்டு மாநிலங்களில் இருந்த நான்கு பெரிய நச்சுக்கழிவுக் கிடங்குகளில் மூன்று, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் இடங்களில் இருந்ததாக 1983-இல் அது அறிவித்தது. 1987-இல் இன நீதி ஆணையம் நாடு முழுவதற்குமான அறிக்கையை வெளியிட்டது. கழிவு நிலையம் எங்கே அமையும் என்பதை வருமானத்தைக் காட்டிலும் இனமே துல்லியமாகக் காட்டியது என்பது அதன் முடிவு. அறிக்கைப் பணியை முன்னின்று நடத்திய சார்ல்ஸ் லீ, பின்னர் மாநாட்டு அமைப்பாளர்களிலும் முதன்மையானவரானார்.

சியரா கிளப், ஆடுபான் சங்கம், தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு உள்ளிட்ட பத்துப் பெரிய அமைப்புகள் அன்று ‘பத்தின் குழு’ எனப்பட்டன. 1990 ஜனவரியில் லூசியானாவின் வளைகுடாக் கரைக் குடியிருப்போர் அமைப்பும், மார்ச்சில் நியூ மெக்ஸிகோவின் தென்மேற்கு அமைப்புத் திட்டமும் இக்குழுவுக்குக் கடிதங்கள் எழுதின. இரண்டாம் கடிதத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர். காடுகளுக்கும் விலங்குகளுக்கும் வாதாடுகிறீர்கள். எங்கள் ஊர்களைப் பற்றி எங்களைக் கேட்காமலே முடிவெடுக்கிறீர்கள். உங்கள் ஊழியர்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் எங்கள் மக்கள் எங்கே என்பது கடிதங்களின் சாரம். நடை காரமானது. சில அமைப்புகள் குற்றத்தை ஒப்புக்கொண்டன, சில தற்காத்துக்கொண்டன. ஒற்றுமைக்கான ஆவணம் ஒன்று இப்படியொரு சண்டைக் கடிதத்தின் வழியே பிறந்தது என்பதை இதன் வரலாற்றை எழுதுவோர் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர், அது போதாது.

1991 மாநாடு

மாநாடு அக்டோபர் 24 முதல் 27 வரை நடந்தது. வந்தோர் தொகையை 650 என்றும் ஆயிரத்துக்கு மேல் என்றும் வெவ்வேறு நூல்கள் தருகின்றன. பேராளர்களை மட்டும் எண்ணுவதா, பார்வையாளர்களையும் சேர்ப்பதா என்பதால் இந்த வேறுபாடு வந்திருக்கலாம். ஐம்பது மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தனர். போர்ட்டோ ரீக்கோ, மெக்ஸிகோ, சிலி ஆகியவற்றோடு, அணுகுண்டுச் சோதனைகளுக்கு ஆளான மார்ஷல் தீவுகளிலிருந்தும் வந்தனர். முதல் இரண்டு நாள்கள் வெள்ளையரல்லாத பேராளர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டன என்று பதிவுகள் கூறுகின்றன. முதலில் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுப் பிறகு மற்றவர்களோடு பேசுவது என்பது ஏற்பாடு.

பெரிய அமைப்புகளின் சார்பில் சியரா கிளப்பின் மைக்கேல் ஃபிஷரும் இயற்கைவளப் பாதுகாப்புக் குழுவின் ஜான் ஆடம்ஸும் பேசினர். பேராளர்கள் சார்பில் பதிலுரைத்தவர் டானா ஆல்ஸ்டன். சுற்றுச்சூழல் என்பது நாம் வாழும், உழைக்கும், விளையாடும் இடம் என்று அவர் அவ்வுரையில் வகுத்த விளக்கம் இன்றுவரை பாடநூல்களில் இடம்பெறுகிறது. தொலைதூரக் காடு மட்டுமே சூழல் அல்ல, வீட்டுச் சுவரில் உரியும் ஈயப் பூச்சும் சூழல்தான் என்னும் பார்வைக்கு அது வழிவிட்டது.

உள்ளடக்கம்

ஏறக்குறைய ஒவ்வொரு கூற்றும் ஒரே வாக்கியம். ஒவ்வொன்றிலும் எழுவாய் ‘சூழல் நீதி’. அது உறுதிசெய்கிறது, கோருகிறது, எதிர்க்கிறது என வினை மட்டும் மாறும். உரக்கப் படித்தால் தேவாலயத்தில் ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் வழிபாட்டு முறை நினைவுக்கு வரும். போராட்டம் வளர்ந்த இடத்தை எண்ணினால் இது வியப்பல்ல.

முதல் கூற்று பூமித்தாயின் புனிதத்தையும் உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதையும் சொல்கிறது. இதில் தொல்குடிப் பேராளர்களின் பங்கு பெரிது என்பர். நான்காம் கூற்று அணுச்சோதனையையும் நச்சுக்கழிவையும் பற்றியது. ஐந்தாவது தன்னுரிமையை வலியுறுத்துகிறது. ஏழாவது, முடிவெடுக்கும் எல்லாப் படிகளிலும் சமபங்காளியாக அமரும் உரிமை.

எட்டாம் கூற்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஆபத்தான பிழைப்பா, வேலையின்மையா என்று எந்தத் தொழிலாளியையும் தேர்வுசெய்ய வைக்கக்கூடாது என்று அது சொல்கிறது. ‘ஆலை வேண்டுமா, ஆரோக்கியம் வேண்டுமா’ என்று ஊரை இரண்டாக்கும் பழைய தந்திரத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதில் சூழல் ஆவணங்களில் அரிது. வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் அது மறக்கவில்லை.

பதினொன்றாம் கூற்று, உடன்படிக்கைகளின் வழியே தொல்குடிகளுக்கும் அமெரிக்க அரசுக்கும் உள்ள தனிச் சட்ட உறவை ஏற்கிறது. பதின்மூன்றாவது, மக்களின் அறிந்த சம்மதத்தை வலியுறுத்தி, வெள்ளையரல்லாதார்மீது மருத்துவச் சோதனைகள் நடத்துவதை நிறுத்தக் கோருகிறது. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சை தராமல் நடத்தப்பட்ட ஆய்வை அறிந்தவர்களுக்கு இதன் பின்னணி விளங்கும். பன்னாட்டு நிறுவனங்களும் இராணுவ ஆக்கிரமிப்பும் அடுத்துவரும் கூற்றுகளில் எதிர்க்கப்படுகின்றன. கடைசிக் கூற்று மட்டும் தம் பக்கம் திரும்புகிறது: ஒவ்வொருவரும் குறைவாக நுகரவும் குறைவாகக் கழிவாக்கவும் வேண்டும்.

பரவலும் விவாதமும்

1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் புவி உச்சிமாநாடு கூடியபோது ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிபெயர்ப்புகள் அங்கே கைமாறின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1992-இல் சூழல் நீதிக்கெனத் தனி அலுவலகம் திறந்தது. 1994 பிப்ரவரி 11 அன்று அதிபர் கிளிண்டன் பிறப்பித்த 12898-ஆம் ஆணை, கூட்டரசுத் துறைகள் யாவும் சூழல் நீதியைக் கருத்தில் கொள்ளுமாறு பணித்தது. கோட்பாடுகளை அது சட்டமாக்கவில்லை.

அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987 அறிக்கையின் முடிவை மறுத்தனர். அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை விட்டு, சிறிய கணக்கெடுப்பு வட்டங்களை அலகாகக் கொண்டால் இனத்துக்கும் கழிவு நிலையங்களுக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை என்றனர். அந்த ஆய்வுக்குக் கழிவுத் தொழில்துறையின் நிதி இருந்ததை எதிர்த்தரப்பு சுட்டியது. கிடங்கு முதலில் வந்ததா, ஏழைகள் முன்பே குடியிருந்தனரா என்னும் கேள்வியைச் சட்ட அறிஞர் விக்கி பீன் எழுப்பினார். 2007-இல் புல்லார்டும் பிறரும், நிலையங்களின் அமைவிடத்திலிருந்து தூரத்தை அளக்கும் முறையில் மீண்டும் ஆராய்ந்து, அவற்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வாழ்வோரில் 56 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதார் எனக் கண்டனர்.

வழிவந்த ஆவணங்கள்

1996 டிசம்பரில் நியூ மெக்ஸிகோவின் ஹேமெஸ் என்னும் ஊரில் சுமார் 40 பேர் கூடி, பலதரப்பட்டோர் சேர்ந்து பணிபுரிவதற்கான ஆறு நெறிகளை வகுத்தனர். பாதிக்கப்பட்டவர்கள் தாமே பேசட்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2002-இல் வெளியான பாலி காலநிலை நீதிக் கோட்பாடுகள், 1991 ஆவணத்தை முன்மாதிரியாகக் கொண்டு 27 கூற்றுகளாக விரிந்தவை. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாம் தலைமை மாநாடு நடந்தது. பழைய 17 கூற்றுகளைத் திருத்துவதற்குப் பதில், இணைந்து பணிபுரிவதற்கான கோட்பாடுகளைத் தனியே சேர்த்தது அம்மாநாடு.

பெரிய அமைப்புகளைப் பொறுத்தவரை மாற்றம் மெதுவானது. 2014-இல் டார்செட்டா டெய்லர் வெளியிட்ட ஆய்வு, அவற்றின் ஊழியர்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் சிறுபான்மையினர் 16 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றது. அதே ஆண்டு சியரா கிளப் ஹேமெஸ் நெறிகளை ஏற்றது. கடிதங்களுக்கும் இதற்கும் இடையே 24 ஆண்டுகள்.

அண்மைக்காலம்

2022 செப்டம்பரில் சுற்றுச்சூழல் முகமை, சூழல் நீதிக்கான விரிவுபடுத்திய தேசிய அலுவலகத்தை வாரன் கவுண்டியில் வைத்து அறிவித்தது. 1994-ஆம் ஆண்டின் ஆணையை 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் நீக்கினார். முகமையின் சூழல் நீதி அலுவலகங்களை மூடும் அறிவிப்பு அவ்வாண்டு மார்ச்சில் வந்தது.