பழைய டீசல் வண்டிக்கு முதல் செலவு எது?

மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து, அமெரிக்காவைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நயாகராவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சங்ககிரியில் டீசல் பம்ப் மேஜை முன்னால் முப்பத்தெட்டு வருடம் நின்றவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மகன் இருப்பது இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற சின்ன ஊர். நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் 1995ஆம் வருடத்து டாட்ஜ் ராம் பிக்கப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். பிக்கப் என்றதும் நம் ஊரில் தண்ணீர் கேன் போடுகிற வண்டியை நினைக்க வேண்டாம். இது ஆள் உயர வண்டி. விடுமுறைக்குப் போகும்போது படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள டிரெய்லரைப் பின்னால் மாட்டி இழுத்துப் போவதற்காம்.

பானெட்டைத் திறந்தான். ஆறு சிலிண்டர் கம்மின்ஸ். பக்கவாட்டில் வரிசையாக ஆறு பைப் கிளம்பும் பாஷ் பம்ப். எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. 1990களில் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் கம்மின்ஸும் கூட்டாகத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, நம் லாரிகளுக்கு வந்தது இதே 5.9 லிட்டர் எஞ்சின் வகைதான். நம்மவர்கள் 'கம்மின்ஸ் வண்டி' என்று சொன்னார்களே, அதுதான்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் பவர் வேணும். பம்ப்குள்ள ஒரு பிளேட்டை மாத்தினா டீசல் கூட விழுமாம். உங்களுக்குத்தான் கை வந்த வேலையாச்சே, முதல்ல அதைப் பண்ணிடலாமா?" என்றான்.

"பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஊரின் கதை.

அந்த எஞ்சின் பிறந்த ஊரே கொலம்பஸ்தான். அங்கே டபிள்யூ.ஜி. இர்வின் என்ற வங்கிக்காரரிடம் கார் ஓட்டியாகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். முதலாளி பணம் போட, 1919இல் கம்பெனி தொடங்கினார். டிரைவர் சொல்வதை நம்பி முதலாளி பணம் போட்ட கதை நம் பக்கத்து லாரிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே பத்து வருடம் போட்ட பணம் திரும்பவில்லை. 1929 கிறிஸ்துமஸ் அன்று, ஒரு பழைய பேக்கார்டு காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, முதலாளியை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார் கிளெஸ்ஸி. அடுத்த மாதமே அந்தக் காரை இண்டியானாபோலிஸிலிருந்து நியூயார்க்குக்கு ஓட்டிப் போனார். வழியெல்லாம் ஆன டீசல் செலவு 1 டாலர் 38 சென்ட்! அதாவது, அமெரிக்காவில் டீசல் கார் என்ற பேச்சே ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியில் கைவைத்ததில்தான் ஆரம்பித்தது.

1931இல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவருடைய டீசல் கார் எங்குமே நிற்காமல் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தது. அந்தப் பந்தயத்தில் அப்படி ஓடிய முதல் கார் அதுதான். வேகத்தில் பதின்மூன்றாவது இடம். சிக்கனத்துக்குப் பெயர் கிடைத்தது, வேகத்துக்குக் கிடைக்கவில்லை.

வேகத்துக்காக வந்தது 1952ஆம் வருடத்துக் கார். 6.6 லிட்டர் லாரி எஞ்சினை உயரம் குறைவதற்காகப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, டர்போ மாட்டியிருந்தார்கள். அந்தப் பந்தயத்துக்கு வந்த முதல் டர்போ கார் அது. மற்ற கார்களையெல்லாம் தள்ளிவிட்டு, தகுதிச் சுற்றில் ஃபிரெட் அகபாஷியான் அதை மணிக்கு 138 மைல் வேகத்தில் ஓட்டி முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்தார். பந்தயம் 200 சுற்று. 71ஆவது சுற்றோடு கார் வெளியே வந்துவிட்டது. பிஸ்டன் உருகவில்லை, கிராங்க் உடையவில்லை. டர்போ காற்று இழுக்கும் வாய் தரையோடு தரையாக இருந்ததால், மற்ற கார்களின் டயர் தேய்ந்து பறந்த ரப்பர் தூள் உள்ளே போய் அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். அத்தனை குதிரைசக்தியும் மூச்சு முட்டி நின்றுபோனது.

இதை மகனுக்குச் சொன்னபோது, "அதான் எனக்குத் தெரியுமே" என்றான். அந்த ஊரில் இருப்பவர்களுக்குக் காவிரிக்கரைக்காரனிடம் கரிகாலன் கதை சொல்கிற மாதிரி. ஆனால் தெரிவது வேறு, உறைப்பது வேறு. எனக்கு அது உறைத்த கதையை அவனிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன்.

1983. எனக்கு இருபத்தாறு வயது. ஒற்றை லாரி வைத்து அவரே ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர் பம்ப்பைக் கழற்றி எடுத்து வந்தார். இங்கிருந்து பெங்களூருக்குச் சிமெண்ட் லோடு. "தம்பி, தொப்பூர் ஏத்தத்துல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் திருகி உடு கண்ணு" என்றார். பம்ப்பில் டீசலின் உச்ச அளவை நிறுத்திவைக்கும் திருகாணி அது. யாரும் தொடக்கூடாது என்றுதான் அதற்குக் கம்பி கட்டி ஈயச் சீல் வைத்திருப்பார்கள். நான் சீலை உடைத்தேன். அரைச் சுற்று திருகிவிட்டு, புதுச் சீலும் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் பதினான்கரை கிலோ காற்று வேண்டும். புகை இல்லாமல் எரிய அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். அவர் வண்டிக்கு டர்போ கிடையாது. ஏர் கிளீனரை அவர் எப்போது கழுவினார் என்று நான் கேட்கவுமில்லை. காற்று அதே அளவு, டீசல் மட்டும் கூடுதல். மிச்சம் கரும்புகையாகவும் சூடாகவும்தானே போகும்? முதல் இரண்டு நடை வண்டி பறந்தது என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது நடையில் தொப்பூர் ஏற்றத்திலேயே நின்றது. ஹெட்டைக் கழற்றினால் இரண்டு பிஸ்டனின் தலை உருகி, லைனரெல்லாம் கோடு விழுந்திருந்தது. எஞ்சின் வேலைக்குப் பணம் புரட்டுவதற்குள் மூன்று தவணை தவறி, ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு அவர் அடுத்தவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டினார். வழியில் பார்த்தால், "நான் கேட்டுத்தானே திருகுனே, உடு தம்பி" என்பார். அந்த 'உடு தம்பி' இன்னும் காதில் இருக்கிறது.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா, நீங்க சொல்ற வரிசையிலேயே போகலாம்" என்றான்.

அந்த எஞ்சின் பிக்கப்புக்கு வந்த வரலாறும் எனக்குச் சாதகமாகவே இருந்தது. 1989 மாடலில்தான் டாட்ஜ் அதைப் போட்டது. டிராக்டருக்கும் கட்டுமான எந்திரங்களுக்கும் என்று வடிவமைத்த எஞ்சின். அன்றைக்கு அதற்குச் சொன்ன கணக்கு 160 குதிரைசக்தி, முறுக்குவிசை 400 பவுண்டு-அடி. நம் கணக்கில் சுமார் 55 கிலோகிராம்-மீட்டர். அந்த அளவு எஞ்சினுக்கு இது குறைவுதான். நாள் முழுக்க இழுக்க வேண்டும் என்று வேண்டுமென்றே அடக்கி வைத்தது. அதனால்தான் அங்கே இளவட்டங்கள் அதைக் கண்டதும் பம்ப்பைத் தேடிப் போகிறார்கள். டீசலை அள்ளி ஊற்றி, சாலையில் வேண்டுமென்றே கரும்புகை விட்டு மகிழ்கிறவர்களும் உண்டு. நம் ஊரில் அதற்கு வண்டியை ஓரங்கட்டி ஃபைன் போடுவார்கள்.

முதல் செலவாக நான் வாங்கச் சொன்னது பவர் தருகிற பொருளே அல்ல. மூன்று மீட்டர்கள்: எக்ஸாஸ்ட் சூடு, டர்போ காற்றழுத்தம், டீசல் அழுத்தம். எக்ஸாஸ்ட் சூடு காட்டுவதைப் பைரோமீட்டர் என்பார்கள். டர்போவுக்கு முன்னாலேயே துளையிட்டு அதன் முனையைப் பொருத்தவேண்டும். டர்போவைத் தாண்டினால் சூடு குறைந்துவிடும், காட்டுவது பொய்யாகிவிடும். ஏற்றத்தில் தொடர்ந்து 1,250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவிடாதே என்பது அங்கத்திய வழக்கம். அது சுமார் 675 செல்சியஸ். அலுமினியம் 660இல் உருகும். அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. 1983இல் அந்த லாரியில் இப்படி ஒரு முள் இருந்திருந்தால், இரண்டாவது கியருக்கு மாற்றிவிட்டு ஏறிப் போயிருப்பார்.

அடுத்து ஏர் ஃபில்டர். பழைய சொந்தக்காரர் விட்டுப்போனதைத் தட்டினால் ஒரு கைப்பிடி வைக்கோல் தூள் விழுந்தது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்துப் பார்த்தோம். ஒரு இடத்தில் குமிழ் விட்டது. இரண்டு கிளாம்ப் மாற்றியதற்கே வண்டி கலகலவென்று ஓடியது என்று மகன் சொன்னான். பவர் வேண்டும் என்று அவன் கேட்டதில் பாதி, ஒழுகிப் போய்க்கொண்டிருந்த காற்றுதான். பிறகு டைமிங் கியர் பெட்டி. அந்த எஞ்சினில் அங்கே ஒரு சின்ன டவல் பின் உண்டு. வருடக்கணக்கில் அதிர்ந்து அது நழுவி கியருக்குள் விழுந்துவிடக்கூடும் என்று, தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். நல்லவேளையாக முந்தைய சொந்தக்காரர் அதைச் செய்திருந்தார். கிளட்சும் பிரேக்கும் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இழுக்கிற வண்டி நிற்கவும் வேண்டும்.

புகைக்குழாயில் கேட்டலிஸ்ட் உருளையைக் கழற்றினால் இன்னும் மூச்சு விடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அங்கே சட்டம் அதை அனுமதிக்காது. நானும் வேண்டாம் என்றேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லோருமாக டென்னசி மலைப்பக்கம் போனோம். பின்னால் டிரெய்லர். நீள ஏற்றம் வந்ததும் நான் சாலையைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு. மகன் ஒரு கியர் குறைத்தான். முள் மெதுவாகக் கீழே வந்தது. பின் சீட்டில் பேத்தி, "தாத்தா, வாட்ச் பார்க்கிறீங்களா?" என்றாள்.

பம்ப்புக்கு அவன் வாங்கி வைத்திருந்த பிளேட் பொட்டலம் பிரிக்கப்படாமல் கராஜ் அலமாரியில் கிடக்கிறது. அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.